தூங்குமூஞ்சி மரம் ஏற எந்தக் கயிறு, எந்த பெல்ட்?

மந்தைவெளி_தோட்டம்:

வணக்கம். மயிலாப்பூர், மந்தைவெளி, ஆர்.ஏ.புரம் பக்கம் தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். மாடித் தோட்டம், புல்தரை, தொட்டி மாற்றுவது, இவைதான் பிழைப்பு. ஆனால் செப்டம்பர் பிறந்துவிட்டால் எல்லா அபார்ட்மென்ட் செகரட்டரிகளும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள், மழைக்கு முன்னால் அந்தக் கிளையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்களேன் என்று. இதுவரை வெளியாள் வைத்துத்தான் செய்துகொண்டிருந்தேன். வருகிறவர் இடுப்பில் நைலான் கயிறு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, முதுகுப் பக்கம் அரிவாளைச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு சரசரவென்று ஏறிவிடுவார். கீழே நிற்கிற எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இந்த வருடம் நானும் என்னிடம் வேலை செய்கிற பையனும் முறையாகக் கற்றுக்கொண்டு நாங்களே ஏறலாம் என்று இருக்கிறோம்.

இப்போது கையில் இருக்கிற வேலை, ஒரு பழைய காம்பவுண்டுக்குள் இருக்கும் தூங்குமூஞ்சி. 50 அடி இருக்கும். இரண்டு கிளைகள் கார் ஷெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

பாறை ஏறும் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் அவருடைய சாமான்களைக் கொடுத்திருக்கிறார்: 10.2 மி.மீ. டைனமிக் ரோப், உட்காரும் வகை ஹார்னஸ், ஒரு கிரிகிரி (கயிற்றைப் பூட்டிப் பிடிக்கும் கருவி), திருகுபூட்டு கேரபினர் (கயிறு மாட்டும் கொக்கி வளையம்) நாலைந்து. பாரிமுனையில் ஒரு கடைக்காரரோ, இதெல்லாம் எதற்கு, கட்டட வேலைக்காரர்கள் போடுகிற இரட்டைக் கொக்கி ஃபுல் பாடி பெல்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் சேஃப்டி என்கிறார். யூடியூபில் வெள்ளைக்காரர்கள் மாட்டியிருப்பதைக் கூட்டிப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டுகிறது.

என்னால் இப்போது 35,000 வரை போட முடியும். நண்பரின் சாமானை வைத்து ஆரம்பிக்கலாமா? இல்லையென்றால் எதை முதலில் வாங்குவது? அப்புறம் தென்னை மரத்துக்கும் இதே செட் போதுமா?

கிளைநுனி:

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நண்பரின் மூட்டையில் மரத்துக்கு உருப்படியாக எதுவும் இல்லை. அவை மோசமான சாமான்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவை வேறு வேலைக்குச் செய்தவை.

டைனமிக் கயிறு நீளுவதற்கென்றே நெய்யப்பட்டது. பாறையில் ஏறுகிறவர் தன்னைப் பிடித்திருக்கும் இடத்தைத் தாண்டி மேலே போய், அங்கிருந்து விழுவார். அந்த அதிர்ச்சியைக் கயிறு வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் அந்தக் கயிற்றுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 892, 80 கிலோ தொங்கவிட்டால் 10 சதவீதம் வரை நீளலாம் என்று விட்டிருக்கிறது. 40 அடிக் கயிற்றில் அது 4 அடி. மரத்தில் நீங்கள் நொடிக்கு நொடி கயிற்றில் எடையைப் போட்டும் எடுத்தும் வேலை செய்வீர்கள், ஒவ்வொரு தடவையும் மேலும் கீழும் ஊசலாடுவீர்கள், கையில் ரம்பம் வேறு. மரத்துக்கு வேண்டியது நீட்சி குறைந்த கயிறு. ஈ.என். 1891, ஏ வகை என்று அதன் முனையில் பட்டி ஒட்டியிருக்கும். நீட்சி 5 சதவீதத்துக்குள், குறைந்தபட்சத் தாங்குதிறன் 22 கிலோநியூட்டன், நம் கணக்கில் சுமார் 2,200 கிலோ. முடிச்சுப் போட்டால் இதில் கணிசமாகக் குறையும், கவையில் உரசினால் இன்னும் குறையும், அதற்காகத்தான் இவ்வளவு கூடுதல் பலம்.

கடைக்காரர் சொன்ன பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். அது விழுந்தவரைப் பிடிக்கிற பெல்ட். வளையம் முதுகில் இருக்கும். அதில் தொங்கினால் ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி தலை முன்னால் கவிழ்ந்து கிடப்பீர்களே தவிர ஒரு சுள்ளியைக்கூட வெட்ட முடியாது. இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அந்த 2 மீட்டர் வார், அதிலுள்ள அதிர்ச்சி தாங்கிப் பை கிழிந்து நீளும் நீளம், ஆளின் உயரம் எல்லாம் சேர்த்தால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 6 மீட்டராவது வெற்றிடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். மரத்தில் 6 மீட்டர் வெற்றிடத்துக்கு எங்கே போவது? அதற்குள் கீழ்க்கிளையில் விலா மோதியிருக்கும்.

மர வேலையின் தத்துவமே வேறு. விழுந்தபிறகு பிடிப்பதல்ல, விழவே விடாமல் வைத்திருப்பது. கயிறு எப்போதும் உங்கள் தலைக்கு மேலே ஒரு கவையில் இருக்க வேண்டும், எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு விட்டுக்கொண்டு கவைக்கு மேலே ஏறிப் போனால் அந்தக் கணமே நீங்கள் பாறை ஏறுபவர் ஆகிவிட்டீர்கள், ஆனால் அவருடைய கயிறு உங்களிடம் இல்லை.

35,000-ல் பாதியை மர வேலை சேடில், அதாவது உட்கார்ந்தபடி தொங்கி வேலை செய்கிற பெல்ட், தின்றுவிடும், தின்னட்டும். தொடைப்பட்டை அகலமாக, இரண்டு பக்கமும் வளையங்களோடு, முன்னால் கயிற்றுப் பாலம் உள்ளதாக இருக்க வேண்டும். பாலம் என்றால், தொடைகளுக்கு நடுவே குறுக்கே ஓடும் சிறு கயிறு, அதில் வளையம் நகரும், நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்தாலும் இடுப்பு முறுக்காது. ஈ.என். 813, 358 இரண்டும் பட்டியில் இருக்கிறதா பாருங்கள். மீதியில் கயிறு, பக்கவாட்டு லேன்யார்டு (மரத்தைச் சுற்றிச் சேடிலில் மாட்டும் குட்டைக் கயிறு) ஒன்று, தானே பூட்டிக்கொள்ளும், திறக்க மூன்று அசைவு தேவைப்படும் கேரபினர்கள். திருகுபூட்டு வேண்டாம். பட்டையிலும் கயிற்றிலும் உரசி உரசித் தானாகத் திருகு கழன்றுவிடும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். தலைக்குத் தாடைப்பட்டை உள்ள ஹெல்மெட். மேஸ்திரி போடும் மஞ்சள் தொப்பி, நீங்கள் அண்ணாந்து பார்த்த உடனே கீழே போய்விடும்.

ஜிக்ஜாக், ரோப் ரெஞ்ச் மாதிரி இயந்திரச் சாமான்களை இந்த வருடம் மறந்துவிடுங்கள். ஒரு முடிச்சு அந்த வேலையைச் செய்யும்.

வேளச்சேரிவாசி:

எல்லாம் சரி பாஸ். 2016-ல் வர்தா அடித்துப் போட்டபோது இந்த ஊரில் ரோடு ரோடாக மரம் கிடந்தது. அதையெல்லாம் அப்புறப்படுத்தினவர்களில் எத்தனை பேர் ஈ.என். நம்பர் பார்த்துக் கயிறு வாங்கினார்கள்? அரிவாள், கோடரி, ஒரு வடக்கயிறு, அவ்வளவுதான். நம் ஆட்களுக்குக் காலிலேயே கிரிப் இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் வாங்கி 35,000 முடக்கினால் ஒரு கிளைக்கு என்ன கூலி கேட்பீர்கள்? அசோசியேஷன்காரர் கதவைச் சாத்திவிடுவார்.

புங்கமரத்தடி:

வேளச்சேரி சார், நான் ஒரு அசோசியேஷன் செகரட்டரிதான், கதவைச் சாத்தாத ரகம்.

சென்ற மழைக்கு முன்னால் எங்கள் வளாகத்தில் வேலை செய்த குழு, கயிற்றை ஜெனரேட்டர் ரூமில் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் விற்கிற மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு. எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மூன்று புரியும் உருகி ஒன்றாக ஒட்டி, வளைத்தால் மளுக்கென்கிறது, பளபளவென்று கண்ணாடி பூசினதுபோல் இருக்கிறது. கிளையை இறக்கும்போது கவையில் ஓடி சூடேறின இடம். அடுத்த நாள் காலை அதே கயிற்றைத் தேடி வந்து அதே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவர் ஏறப் போனார். நான் விடவில்லை, சண்டைதான்.

காலில் கிரிப் இருப்பது உண்மை, நான் மறுக்கவில்லை. அவர்கள் ஏறுவதைப் பார்த்தால் கண்படும். ஆனால் அந்தக் கயிறு அவர்களைக் காப்பாற்றுவதற்காகக் கட்டினது இல்லை, எங்களைச் சமாதானப்படுத்தக் கட்டினது. இடுப்பில் ஒற்றைச் சுற்றாகக் கட்டின கயிற்றில் ஆள் தொங்கினால் அது விலாவுக்கு ஏறி மூச்சை நிறுத்தும். கூலி அதிகம் கேளுங்கள், மந்தைவெளி சார், ஆனால் ஏன் அதிகம் என்று சாமானைக் காட்டிச் சொல்லுங்கள். எங்களைப்போல் சிலராவது கொடுப்போம்.

கிளைநுனி:

மேடம் சொன்ன மஞ்சள் கயிறு பெரும்பாலும் எச்.டி.பி.ஈ. அல்லது பாலிபுரொப்பிலீனாக இருக்கும். முதலாவது சுமார் 130 டிகிரியிலேயே உருகும், இரண்டாவது 165 டிகிரி பக்கம். நைலான், பாலியெஸ்டர் கயிறுகள் 220-க்கு மேலேதான் உருகும், அதனால்தான் ஏறும் கயிறுகள் அவற்றில் வருகின்றன. அதிலும் ஏறும் கயிற்றைப் பற்றிப் பிடிக்கும் ஹிட்ச் முடிச்சுக்கு வாங்கும் சிறு கயிற்றின் உறையில் அராமிட் கலந்திருந்தால் மிகவும் நல்லது, அது உருகவே உருகாது. மீன்பிடி வலைக் கயிறு பலமாகத்தானே இருக்கிறது, காசிமேட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். இழுப்பதற்குப் பலம் இருக்கலாம், உராய்வுக்குத் தாங்காது.

ஓய்வு_லைன்மேன்:

தம்பி, கயிறு பெல்ட்டெல்லாம் இவர்கள் சொல்வார்கள். ஈ.பி.யில் லைன்மேனாக இருந்தவன் என்கிற முறையில் ஒன்று கேட்கிறேன். அந்த காம்பவுண்டுக்குப் பக்கத்தில் கம்பி போகிறதா? போகிறது என்றால் எச்.டி.யா (உயர் அழுத்தம்) எல்.டி.யா (தாழ்வழுத்தம்)? நீங்கள் மரத்தைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், அதை எழுதவில்லை.

மரம் கம்பியைத் தொடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். வெட்டின கிளை விழும்போது எந்தப் பக்கம் சாயும், கயிற்றில் தொங்கினால் எவ்வளவு தூரம் ஆடும் என்று பார்ப்பதில்லை. பச்சைக் கிளை கரண்ட்டைக் கடத்தும், நனைந்த கயிறும் கடத்தும். தெருவில் போகிற எச்.டி. என்பது 11,000 வோல்ட், அதனிடம் காய்ந்த கட்டை, ஈரக் கட்டை என்ற பேச்சே வேண்டாம். மின்சாரப் பயிற்சி இல்லாத மரவேலைக்காரர் 10 அடி, அதாவது 3 மீட்டருக்குள் நெருங்கவே கூடாது என்று அமெரிக்கக்காரன் விதி போட்டு வைத்திருக்கிறான். இங்கே மாடியிலிருந்து எட்டினாலே கம்பி இருக்கும், அதனால் நாம் அவனைவிட இன்னும் பயப்பட வேண்டும். அலுமினியத் தொரட்டியைக் கொண்டுபோகவே போகாதீர்கள். உள்ளே எஃகு கம்பி வைத்த லேன்யார்டு என்று ஒன்று விற்கிறதாம், ரம்பம் பட்டால் சட்டென்று அறாது என்று அதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். லைன் பக்கத்து மரத்துக்கு அதுவும் ஆகாது.

அபார்ட்மென்ட் எலக்ட்ரீஷியன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன், ஏறு என்பார். ஏறாதே. எங்கள் ஆட்களே எல்.சி. (லைனை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டி, அப்புறம்தான் கையை வைப்பார்கள். ஏன் தெரியுமா? பக்கத்துக் கட்டடத்தில் எவனாவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் செத்த லைனில் ரிட்டர்ன் வந்து அடிக்கும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் புகார் பதிந்தால் செக்‌ஷன் ஆபீஸுக்குப் போகும், அங்கே நேரில் போய் உதவிப் பொறியாளர் ஏ.ஈ.யைப் பார்த்துத் தேதி வாங்கு. கம்பிப் பக்கக் கிளையை அவர்களே வெட்டட்டும், மீதியை நீ வெட்டு. மரம் காம்பவுண்டுக்கு வெளியே, தெருவில் நின்றால் மாநகராட்சி அனுமதி இல்லாமல் கை வைக்காதே, அதற்கு வேறு அலைய வேண்டியிருக்கும்.

ஈசிஆர்_தோப்பு:

தென்னை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே செட் போதாது, ஏனென்றால் தென்னையில் கவையே கிடையாது. கயிறு போட மேலே இருப்பது மட்டைகள்தான், காய்ந்த மட்டை கை பட்டாலே கழன்று வரும். தளை போட்டு ஏறுகிற ஆள் எங்கள் பக்கம் குறைந்துகொண்டே போகிறார், பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. இப்போது பெரும்பாலும் செம்பேரி மாடல் மெஷின்தான், கண்ணூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் செய்தது. நின்றபடியே ஒரு காலுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மிதித்துப் போகலாம். ஆனால் மெஷின் ஏற்றிவிடுமே தவிர பிடித்து வைத்துக்கொள்ளாது. மரத்தைச் சுற்றி ஒரு லேன்யார்டு தனியாகச் சேடிலில் மாட்ட வேண்டும், பாளைக்குக் கீழே போய் நின்றதும் இரண்டாவது ஒன்றையும் மாட்டிவிட்டு அப்புறம்தான் கத்தியை எடுக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் இதற்கென்றே இளைஞர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது, விசாரித்துப் பாருங்கள்.

யாராவது காலில் கட்டுகிற முள் வாங்கச் சொன்னால் தயவுசெய்து வேண்டாம். உயிருள்ள மரத்தில் குத்தின இடமெல்லாம் காயம். தென்னையில் அந்தக் காயத்தைத் தேடித்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். அடியோடு வெட்டப்போகிற மரத்துக்கு மட்டும் முள்.

இன்னொன்று, மாமரமோ நாவலோ ஏறப் போனால் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலைகளைச் சேர்த்து ஒட்டிப் பந்து மாதிரி கட்டியிருக்கும். 30 அடி உயரத்தில் இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்போது கழுத்தில் முசுறு இறங்கினால் எந்த ஈ.என். நம்பரும் காப்பாற்றாது.

மந்தைவெளி_தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. லைன்மேன் ஐயா, இன்று போய்ப் பார்த்தேன், தெருப்பக்கம் எல்.டி. கம்பி இருக்கிறது, மரத்தின் இந்தப் பக்கக் கிளைகளிலிருந்து நன்றாகத் தள்ளித்தான். ஆனாலும் தெருப்பக்கக் கிளை எதையும் தொடப்போவதில்லை என்று செகரட்டரியிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார்.

கிளைநுனி அண்ணா, அந்த ஒரு முடிச்சு என்ன? கயிற்றை 40 அடி உயரத்துக்கு முதலில் எப்படிக் கொண்டுபோவது? எந்தக் கவையை நம்புவது? யூடியூபில் சிலர் ஒற்றைக் கயிற்றில் நடந்து போகிற மாதிரி விறுவிறுவென்று ஏறுகிறார்கள், சிலர் இரட்டையாகப் போட்டு இழுக்கிறார்கள். எனக்கு எது?

கிளைநுனி:

கயிற்றை மேலே ஏற்ற மெல்லிய த்ரோ லைன், 2 மி.மீ. கனம். அதன் நுனியில் ஈயக்குண்டு நிரப்பிய சிறு பை, 300-லிருந்து 350 கிராம் இருந்தால் போதும். இரண்டு காலுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் கவையைக் குறிபார்த்து எறிவது. சுலபமாக வராது, பெசன்ட் நகர் பீச்சில் போய்க் காலியிடத்தில் பழகுங்கள். அபார்ட்மெண்டுக்குள் எறியும்போது கார்களை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், முன்கண்ணாடி விலை உங்கள் முழுக் கூலியையும் சாப்பிட்டுவிடும். பை மறுபக்கம் இறங்கினதும் த்ரோ லைனில் ஏறும் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கவை எப்படி இருக்க வேண்டும் என்றால், உயிருள்ள கட்டை, நடுமரத்துக்கு ஒட்டினாற்போல், குறைந்தது 10 செ.மீ. கனம். தூங்குமூஞ்சியில் ஒரு தந்திரம் இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் மேல்பக்கம் முழுக்கப் பச்சையாகத் தெரியும், ஆனால் அதற்குள்ளே பட்டுப்போன கொம்புகள் மறைந்து கிடக்கும். புல்லுருவி பிடித்த கிளையும் பச்சையாகத்தான் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். அடிமரத்தைச் சுற்றி வந்து கட்டையால் தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று பறை மாதிரி ஒலித்தால் உள்ளே பொந்து, அதில் ஏற வேண்டாம், வேறு ஏற்பாடு பாருங்கள். கயிறு போட்டபின் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதில் தொங்கிக் குலுக்குங்கள். ஒருவர் ஏறப்போகிற கவை இருவரைத் தாங்குகிறதா என்று தரையிலேயே தெரிந்துவிடும்.

இது தூங்குமூஞ்சிக்கு. வேம்பு, புளி என்றால் எனக்கு நம்பிக்கை அதிகம். குல்மோகர், நாவல் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். முருங்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம், பருத்தால் தூணாகுமா என்று அந்தக் காலத்திலேயே கேட்டுவிட்டார்கள்.

இப்போது முறை. நீங்கள் இரட்டையாகப் போடுகிற முறையில் ஆரம்பியுங்கள். கயிறு கவையின்மேல் போய்த் திரும்பி வரும். ஒரு முனை உங்கள் சேடிலில், அதே முனையின் வாலால் மறுபக்கக் கயிற்றில் பிளேக்ஸ் ஹிட்ச். மறுபக்கக் கயிற்றைச் சுற்றி மேல்நோக்கி 4 சுற்று, பிறகு வாலைக் கீழே இறக்கிச் சேடிலிலிருந்து வரும் கயிற்றுக்கு முன்னால் கொண்டுபோய், ஏறும் கயிற்றுக்குப் பின்னால் சுற்றி, கீழ் 2 சுற்றுகளுக்கு உள்ளே செருகி வெளியே எடுப்பது. வால் நுனியில் ஓர் எட்டு முடிச்சு கட்டாயம், இல்லாவிட்டால் ஊர்ந்து ஊர்ந்து வால் உள்ளே போய்விடும். மேலே தள்ளினால் நகரும், எடை விழுந்தால் கடிக்கும். இறங்க வேண்டுமானால் முடிச்சின் தலையை உள்ளங்கையால் மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக இறங்காதீர்கள். நைலான்மேல் நைலான் ஓடினால் சூடு ஏறும், மேடம் பார்த்த அந்தப் பளபளப்பு உங்கள் முடிச்சிலும் வரும். வந்தால் அந்த நுனியை வெட்டிப்போடுங்கள்.

இதில் 1 மீட்டர் இழுத்தால் நீங்கள் அரை மீட்டர்தான் ஏறுவீர்கள், ஆனால் பாதிப் பலம் போதும். முதல் நாள் கை வலிக்கும், பட்டையில் உராய்வும் சேர்ந்து பாதிப் பலம் என்பது பேச்சளவில்தான் இருக்கும். இரண்டு வளையம் வைத்த ஃப்ரிக்‌ஷன் சேவர் பட்டி ஒன்றைக் கவையில் போட்டால் உராய்வும் குறையும், மரப்பட்டையும் தேயாது. தூங்குமூஞ்சிக் காய் நசுங்கினால் பிசின் மாதிரி ஒட்டும், அது கயிற்றில் ஏறினால் முடிச்சு நகரவே நகராது. அதற்கும் இந்தப் பட்டி நல்லது.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் சமரசம் கிடையாது. ரம்பத்தை எடுக்கும்போது இரண்டு இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், ஏறும் கயிறு ஒன்று, லேன்யார்டு ஒன்று. நல்ல ஜப்பான் கைரம்பம், விறைப்பாக இருக்கும் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். மெஷின் ரம்பம் முதல் வருடம் மரத்தின்மேல் வேண்டவே வேண்டாம். கனமான கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதைவிடச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்து விழவைத்து, மிச்சமுள்ள கட்டையை மட்டும் கிளை அடிமரத்தோடு சேரும் கழுத்துப் பக்கம் சுத்தமாக எடுங்கள். நேராக மேலிருந்து அறுத்தால் பட்டை உரிந்துகொண்டு அடிமரம் வரை கிழியும்.

பாறைப்பூனை:

ஒற்றைக் கயிறை ஏன் தள்ளி வைக்கிறீர்கள்? நான் மரத்திலும் ஒற்றைக் கயிறுதான். கால் அசெண்டர், முழங்கால் அசெண்டர் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடிப்பான்கள்) போட்டால் 50 அடி படியேறுகிற மாதிரிதான். கை நோகாது. கயிறு கவையில் ஓடாததால் உராய்வுப் பிரச்சினையும் இல்லை. பிளேக்ஸ் ஹிட்ச்சில் புதிதாக வருபவர் 40 அடி ஏறி முடிப்பதற்குள் கை மரத்துவிடும், களைத்த கையோடு ரம்பம் பிடிப்பதுதான் ஆபத்து.

கிளைநுனி:

களைப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, பூனை. உயரமான, வழுவழுப்பான அடிமரத்துக்கு ஒற்றைக் கயிறுதான் மேல், நானும் அப்படித்தான் போகிறேன். நான் தயங்குவது இரண்டு காரணத்துக்காக. ஒன்று, கயிற்றின் மறுமுனையை அடிமரத்தில் கட்டினால் கவைமேல் விழும் சுமை உங்கள் எடையைப்போல் இரண்டு மடங்கை நெருங்கும். 75 கிலோ ஆள் ஏறினால் கவைக்கு 150. கவையைக் கண்ணால் எடைபோடத் தெரியாதவருக்கு அது சூதாட்டம். இரண்டாவது, கிரிகிரி கையில் இருக்கிறதே, ஒற்றைக் கயிறுக்கு அதையே போட்டுவிடலாம் என்று மந்தைவெளிக்குத் தோன்றும். அது 8.5-லிருந்து 11 மி.மீ. கயிற்றுக்கு, பாறையில் பிலே பிடிக்க, அதாவது ஏறுகிறவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்திருக்க, செய்தது. மரக் கயிறு பெரும்பாலும் 11.7-லிருந்து 13 மி.மீ. வரை. உள்ளே நுழைப்பதே பாடு.

ஓய்வு_லைன்மேன்:

எல்லாம் வாங்கியாயிற்று, ஏறியாயிற்று. மேலே ஆளுக்குத் தலை சுற்றிவிட்டது அல்லது கையை அறுத்துக்கொண்டான். யார் இறக்குவது? கம்பத்தில் ஏறுகிற எங்களுக்குக் கீழே ஓர் ஆள் நிற்பான், அவனுக்கும் ஏறத் தெரியும்.

கிளைநுனி:

ஐயா கேட்டது சரியான கேள்வி. சேடிலில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே ஆபத்தாகிவிடும். 108 வரும், தீயணைப்பும் வரும், சாயங்கால ஆர்.கே. மட் ரோட்டில் எவ்வளவு நேரத்தில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் பையனையும் அதே முடிச்சில் பழக்குங்கள், 10 அடி உயரத்தில் வைத்து ஒருவரை ஒருவர் இறக்கிப் பாருங்கள். இரண்டாவது சேடில் வாங்கும் வரைக்கும் இன்னொரு வழி உண்டு. கூடுதலாக ஒரு மீட்புக் கயிற்றை வேறு கவையில் போட்டு, ஒரு முனையை ஏறுபவரின் சேடிலிலும் மறுமுனையை அடிமரத்தில் இறக்கும் கருவியோடும் கட்டி வைத்தால், கீழே இருப்பவர் மெதுவாக விட்டு இறக்கலாம். இந்த வேலைக்கும் டைனமிக் கயிற்றைப் போடாதீர்கள்.

பொருள் வாங்கும்போது, பட்டியில் தயாரித்த வருடமும் வரிசை எண்ணும் இல்லாத எதையும் தொடாதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. துணி சாமானுக்கு அதிகபட்சம் 10 வருடம் என்றுதான் பல கம்பெனிகள் போட்டிருக்கும், மாடி வெயிலில் காயப்போட்டால் அதற்கு வெகு முன்பே போய்விடும். பைக் டிக்கியில் பேட்டரி ஆசிட், பெட்ரோல் பக்கத்தில் வைக்காதீர்கள். கடலோரத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் கேரபினரை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள், உப்புக்காற்று பூட்டை இறுக்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன்னால் கயிற்றை முழுக்கக் கைக்குள் ஓடவிடுங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினாலோ, மடக்கும்போது கூர்மையாக மடங்கினாலோ உள்சரம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மந்தைவெளி_தோட்டம்:

அசோசியேஷனிடம் இந்த மழைக்கு இல்லை, தை மாதம்தான் என்று சொல்லிவிட்டேன். கார் ஷெட்டுக்கு மேலே இருக்கிற இரண்டு கிளைக்கு மட்டும் ஸ்கை லிஃப்ட் வண்டி ஏற்பாடு செய்யச் சொன்னேன். செலவு அவர்களுடையது, ஒருவழியாகச் சம்மதித்தார்கள். அதற்குள் சேடிலும் கயிறும் வாங்கி, எங்கள் வீட்டு வேம்பில் 10 அடியில் பழகுகிறோம்.

கயிறு 45 மீட்டர் வாங்கவா, 60 மீட்டரா? விலை வித்தியாசம் உறைக்கிறது.

கிளைநுனி:

50 அடி மரத்தில் கவை 40 அடி, அதாவது 12 மீட்டரில் கிடைத்தால் இரட்டை முறைக்கு 24 மீட்டரும் முடிச்சுக்குக் கொஞ்சமும் போதும், 45-ல் தாராளம். ஒற்றைக் கயிற்றில் ஏறுகிறவரைக் கீழிருந்து இறக்கும் ஏற்பாட்டுக்கு உயரத்தைப்போல் மூன்று மடங்கு வேண்டும், 36, அதுவும் 45-க்குள் அடங்கும். 15 மீட்டரில் கவை கிடைத்தால் 45 வெறும் வாய்க்கணக்குக்குத்தான் சரியாக இருக்கும், முடிச்சுக்கு மிச்சமே இல்லை. நுனி தேயத் தேய வெட்டிப்போடவும் வேண்டும். இப்போதைக்கு 45 வாங்குங்கள், மிச்சக் காசில் ஹெல்மெட்டை நல்லதாக எடுங்கள். மீட்புக் கயிறு வாங்கும்போது 60 வாங்கிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் இரண்டு நுனியிலும் எட்டு முடிச்சுப் போட்டபிறகே ஏறுங்கள்.